அடிவயிறு வலிக்கிறதா? விளக்கெண்ணெயைக் கீழே வையுங்கள்!

ஒரு சித்த வைத்தியர் இப்படித் தலைப்புப் போட்டு எழுதலாமா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். போன மாதம் ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "தேரையரே நாலு மாசத்துக்கு ஒரு தடவை பேதிக்குச் சாப்பிடணும்னு சொல்லியிருக்கார். நீங்க என்ன சார் வேண்டாங்கறீங்க?" என்றார். தேரையர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பாடலுக்குப் பெயரே நோயணுகா விதி. நோய் வராமல் இருப்பதற்காக, நன்றாக இருக்கிற உடம்புக்குச் சொன்னது அது. வலியில் சுருண்டு கிடக்கிற பிள்ளைக்குச் சொன்னதில்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், சரி. கூரையில் தீப்பிடித்திருக்கும்போது சுண்ணாம்பு வாளியோடு போய் நின்றால் எப்படி?

நம் வீடுகளில் ஒருவருக்கு அடிவயிறு வலித்தால் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலில் அம்மா, "சூடு பிடிச்சிருக்கும். வெந்தயத்தை மோர்ல போட்டு முழுங்கு" என்பார். அடுத்தது தொப்புளில் எண்ணெய், கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு. ராத்திரி ஓம வாட்டர். அதுக்கும் கேட்கவில்லையென்றால் பாட்டி எழுந்து வந்து, "குடல்ல எதோ தங்கியிருக்கு. ரெண்டு ஸ்பூன் விளக்கெண்ணெய் குடுத்தா எல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிடும்" என்று தீர்ப்புச் சொல்வார். மறுநாள் காலை தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் பேர் தெரியாத இரண்டு மாத்திரை. அன்று சாயங்காலம்தான், "டாக்டர்கிட்ட காட்டிடலாமா?" என்ற பேச்சே வரும்.

ஒன்றரை நாள் போய்விட்டது! பத்தில் ஏழெட்டு வலிக்கு இதனால் ஒன்றும் கெட்டுப் போகாது. அஜீரணம், வாயு, மாதவிலக்கு வலி எல்லாம் தானாகவே அடங்கிவிடும். நாமும் வெந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டுப் போவோம். ஆனால் சில நோய்களில் அந்த ஒன்றரை நாள்தான் எல்லாமே. அவற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

குடல்வாலை எடுத்துக் கொள்வோம். எல்லாரும் அப்பெண்டிக்ஸ் என்கிறோமே, அது. பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்தில், வலது பக்க அடிவயிற்றில், சுண்டுவிரல் மாதிரி தொங்கும் ஒரு சின்னக் குழாய். அதன் வாய் அடைபட்டால் உள்ளே வீங்கும், சீழ் பிடிக்கும். வேடிக்கை என்னவென்றால் வலி அந்த இடத்தில் ஆரம்பிக்காது. முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். சாப்பாடு பிடிக்காது. ஒன்றிரண்டு தடவை வாந்தி வரலாம். பிறகு சில மணி நேரத்தில், சிலருக்கு ஒரு நாளுக்குள், வலி நகர்ந்து வலது பக்கம் கீழே வந்து உட்கார்ந்து கொள்ளும். இருமினால் வலிக்கும். ஆட்டோ ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினால் பிள்ளை 'அம்மா' என்று கத்தும். காய்ச்சல் லேசாகத்தான் இருக்கும். இடுப்பை நிமிர்த்தாமல் கூனி நடக்கும்.

இதில் இரண்டு விஷயத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். முதலில் வலி, அப்புறம் வாந்தி என்ற வரிசை குடல்வால் வீக்கத்தில் பெரும்பாலும் மாறாது. கெட்ட சாப்பாட்டால் வரும் வயிற்றுப் போக்கில் அநேகமாக வாந்திதான் முந்திக் கொள்ளும். இன்னொன்று, தொப்புளில் இருந்த வலி இடம் மாறி வலது பக்கம் இறங்குவது. இதைக் கண்டால் மணியைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டுங்கள். எல்லாருக்கும் இப்படிப் பாடப் புத்தகம் மாதிரி வராது என்பதையும் சொல்லி விடுகிறேன். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு வலி வேறு இடத்தில் இருக்கலாம், லேசாகவும் இருக்கலாம்.

இப்போது விளக்கெண்ணெய்க்கு வருவோம். அது குடலை வெறுமனே வழுக்க வைப்பதில்லை. அதிலிருக்கிற ஒரு அமிலம் குடல் தசையை முறுக்கிப் பிழிய வைக்கும். அதனால்தான் பேதியாகிறது. உள்ளே சீழ் பிடித்து, தோல் மெலிந்து, எப்போது உடையலாம் என்று காத்திருக்கிற குழாய்க்குப் பக்கத்தில் அப்படி ஒரு பிழிதலை உண்டாக்கினால் என்ன ஆகும்? உடைந்தால் சீழும் மலக் கிருமியும் வயிறு முழுக்கப் பரவும். இன்னொரு கொடுமை, உடைந்த மாத்திரத்தில் அழுத்தம் குறைந்து சிலருக்குச் சற்று நேரம் வலி குறையும். "பார்த்தியா, எண்ணெய் கேட்டுடுச்சு" என்று வீடே நிம்மதியாகத் தூங்கப் போகும். விடியும்போது வயிறு பலகை மாதிரி இறுகி, நாடி ஓடிக் கொண்டிருக்கும்.

இது கற்பனை இல்லை. சில வருஷங்களுக்கு முன் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்ணை என்னிடம் அழைத்து வந்தார்கள். "நேத்து ராத்திரி வரைக்கும் ரொம்ப வலின்னா சார், எண்ணெய் குடுத்தோம், நாலு தடவை போச்சு, வலி விட்டுடுச்சு. இப்போ காய்ச்சல்தான்" என்றார் அப்பா. வயிற்றில் கை வைத்தேன். கை உள்ளே இறங்கவில்லை. நாக்கு வறண்டிருந்தது. நாடி பார்த்துக் கொண்டிருக்கிற நேரமில்லை அது. ஒரு சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்து 108க்குப் போன் செய்யச் சொன்னேன். அன்று மத்தியானமே ஆபரேஷன். பிழைத்துக் கொண்டாள். மூன்று வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரி, வயிற்றில் குழாய், அந்த வருஷம் அரையாண்டுப் பரீட்சை போயிற்று. முதல் நாள் சாயங்காலமே போயிருந்தால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்திருப்பாள்.

ராஜாவுக்கும் இந்த நோய் சலுகை காட்டவில்லை. இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு 1902 ஜூன் 26ஆம் தேதி முடிசூட்டு விழா. அதற்கு முன்பே வயிற்று வலி. விழாவை எப்படியாவது நடத்திவிட வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். கடைசியில் 24ஆம் தேதி அரண்மனையிலேயே மேஜையில் படுக்க வைத்து, குடல்வாலைச் சுற்றிக் கட்டியிருந்த சீழை ஃப்ரெடரிக் ட்ரீவ்ஸ் என்ற டாக்டர் வடித்தார். ஆகஸ்ட் 9ஆம் தேதி முடி சூட்டிக் கொண்டார். மாயாஜாலக்காரர் ஹூடினிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1926 அக்டோபரில் வயிற்று வலியும் கடுமையான காய்ச்சலுமாக டெட்ராய்ட் நகரில் மேடையேறினார். குடல்வால் உடைந்திருந்தது. ஆபரேஷன் செய்தும் அந்த மாதம் 31ஆம் தேதி இறந்து போனார். எந்தப் பூட்டிலிருந்தும் வெளியே வரத் தெரிந்த மனிதர்!

இங்கே எங்கள் துறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'ஆபரேஷன் இல்லாமல் அப்பெண்டிக்ஸ் குணமாகும்' என்று போர்டு மாட்டியிருக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்டால், "இங்கிலீஷ் மருத்துவத்திலேயே இப்ப மருந்துல குணப்படுத்தறாங்களே" என்கிறார்கள். அரைகுறைச் சங்கதி. 2020இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், குடல்வால் வீக்கம் வந்த பெரியவர்களில் ஒரு பகுதியினருக்குக் கத்தி வைக்காமல் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துப் பார்த்தது வாஸ்தவம். பலருக்குக் கேட்டது. ஆனால் பத்தில் மூன்று பேருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. அவர்கள் எல்லாரும் முறையாகப் பரிசோதனை செய்து நோய் உறுதியானவர்கள், ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் இருந்தவர்கள். போர்டு பார்த்துவிட்டுப் போய்ச் சூரணம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் இல்லை. ஸ்கேன் எடுக்காமல், ரத்தம் பார்க்காமல், "அப்பெண்டிக்ஸ்தான், நான் கரைச்சிடறேன்" என்று யார் சொன்னாலும், அவர் எந்தப் பட்டம் வைத்திருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அறுவையும் ஒன்று. கத்தி நமக்கு அந்நியம் என்று யார் சொன்னது?

அடுத்து இந்த 'சூடு' என்ற வார்த்தை. எனக்கு இதன் மேல் பெரிய வழக்கே உண்டு. பித்தம் மிகுந்து சிறுநீர் கடுப்பது, உடம்பு வெதுவெதுப்பது என்று எங்கள் நூல்களில் கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன் நாடியிலிருந்து மூத்திரம் வரை எட்டு வகையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றும் அதே நூல்கள் சொல்கின்றன. பாளையங்கோட்டையில் படிக்கும்போது எங்கள் பேராசிரியர் ஒருவர், வயிற்றைத் தொடாமல் வயிற்று வலிக்கு மருந்து எழுதினால் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார். வீட்டில் நாம் சொல்கிற 'சூடு' அப்படியா? சிறுநீர் எரிந்தால் சூடு. வெள்ளைப் பட்டால் சூடு. அடிவயிறு இழுத்தால் சூடு. ஒரு வார்த்தையில் ஐந்து நோயை மூட்டை கட்டி இளநீரில் மூழ்கடித்து விடுகிறோம்.

சிறுநீர் எரிச்சலோடு அடிவயிறு வலித்து, அடிக்கடி பாத்ரூம் ஓடினால் அநேகமாக அது கிருமித் தொற்று. பெண்களுக்கு இது சகஜம். தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லதுதான், ஆனால் கூடவே சிறுநீரைப் பரிசோதித்துவிட வேண்டும். குளிர் ஜுரமும் முதுகின் பக்கவாட்டில் வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கர்ப்பிணி என்றால் எரிச்சல் லேசாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

வெள்ளைப்படுதல் நாற்றத்தோடு, அடிவயிற்று வலியோடு, காய்ச்சலோடு வந்தால் கர்ப்பப்பையிலும் கருக்குழாயிலும் தொற்று இருக்கலாம். இதைச் சூடு என்று மாதக்கணக்கில் விட்டால் குழாய் அடைத்துக் கொள்ளும். பிறகு குழந்தை இல்லையென்று கோவில் கோவிலாகச் சுற்றுகிற பெண்களில் சிலருக்குக் கதை இங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

பெண்களின் வலியை நாம் மதிப்பதே இல்லை என்பது என் அபிப்பிராயம். "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்" என்று முதலில் சொல்வது வீட்டிலிருக்கிற இன்னொரு பெண்தான்! மாதவிலக்கின் முதல் ஓரிரு நாள் அடிவயிறு வலிப்பது இயல்பு. வெந்நீர் ஒத்தடம், கொஞ்சம் பெருங்காயம், ஓய்வு, தேவைப்பட்டால் டாக்டர் சொன்ன ஒரு மாத்திரை, இதில் அடங்கிவிட வேண்டும். மாசாமாசம் பள்ளிக்கூடம் போக முடியாமல், ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுப் படுக்க வைக்கிற வலி இயல்பு இல்லை. வருஷத்துக்கு வருஷம் வலி கூடுகிறது, மலம் கழிக்கும்போது வலிக்கிறது, தாம்பத்தியத்தில் வலிக்கிறது என்றால் எண்டோமெட்ரியோஸிஸ் என்ற நோயை நினைக்க வேண்டும். கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு வெளியே சினைப்பையிலும் குடலிலும் ஒட்டி வளர்வது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகும். 'ஸ்கேன் நார்மல், ஆகவே பொண்ணு நடிக்கிறா' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று ஒரு வைத்தியம் சொல்வார்களே, அதை எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

அவசரத்தில் அவசரம் ஒன்று இருக்கிறது. கரு, கர்ப்பப்பைக்குள் வராமல் குழாயிலேயே தங்கிவிடுவது. நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு இப்படி ஆகும். நாள் தள்ளிப் போயிருக்கும், அல்லது லேசாகப் பட்டிருக்கும். அந்த லேசான உதிரத்தைப் பார்த்துவிட்டு, "பீரியட்ஸ்தான் வந்துடுச்சே" என்று ஏமாந்து விடுவார்கள். ஒரு பக்க அடிவயிற்றில் வலி. குழாய் வெடித்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது. முகம் வெளுக்கும், எழுந்தால் கண் இருட்டும், சிலருக்குத் தோள்பட்டையில் வலிக்கும். 'வயித்துக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம், வாயுதான்' என்று தைலம் தேய்த்துக் கொண்டிருப்பார்கள். உள்ளே கொட்டின ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் தெரிகிற வலி அது. மணிக்கணக்கில் உயிர் போய்விடும்.

"எனக்குத்தான் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே" என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு கரு தங்குவது அபூர்வம். ஆனால் தங்கினால் குழாயில் தங்குகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஆகவே குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்குப் புதிதாக அடிவயிறு வலித்தால், கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும், டாக்டர் கர்ப்ப டெஸ்ட் எழுதினால் கோபித்துக் கொள்ளாதீர்கள். பெண்ணைத் தனியாக விசாரிக்க வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்று சொன்னால் எழுந்து போங்கள். மானத்தைப் பற்றி வீட்டுக்கு வந்து பேசிக் கொள்ளலாம்.

இதேபோல் வெட்கத்தால் கெடுகிற இன்னொரு கூட்டம், வளரும் பையன்கள். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் ஒரு பையன் திடீரென்று, தூக்கத்திலிருந்து எழுந்தேகூட, "அடிவயிறு வலிக்குது" என்று துடித்து வாந்தி எடுத்தால், அப்பா அவனைத் தனியே அழைத்துப் போய் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "கீழே விரையில வலிக்குதாடா?" அம்மாவிடம் அவன் சொல்லவே மாட்டான். விரை தன் நரம்புக் கொடியிலேயே முறுக்கிக் கொள்வதுண்டு. ரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால் பெரும்பாலும் காப்பாற்றி விடலாம். ஒரு நாள் கழித்துப் போனால் பெரும்பாலும் எடுத்துப் போட வேண்டியதுதான். அண்டவாதம் என்று கழற்சிக்காய் அரைத்துப் பற்றுப் போடுகிற சமாசாரம் இல்லை இது. ராத்திரி இரண்டு மணி என்றாலும் ராத்திரி இரண்டு மணிக்கே கிளம்ப வேண்டும்.

கைக்குழந்தைகளை மறந்துவிட்டேன் பாருங்கள். விட்டு விட்டு வீறிட்டு அழும், காலை மடக்கி வயிற்றோடு சேர்த்துக் கொள்ளும், ஐந்து பத்து நிமிஷம் சோர்ந்து கிடக்கும், மறுபடி வீறிடும். 'உரம் விழுந்திருக்கு', 'குடலேற்றம்' என்று துணியில் போட்டு உருட்டுவதும் எண்ணெய் போட்டு வயிற்றை வழிப்பதும் இன்னும் நடக்கிறது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் தொலைநோக்கிக் குழாய் மாதிரி செருகிக் கொண்டால் இப்படித்தான் அழும். சளியும் ரத்தமும் கலந்து சிவப்பு ஜெல்லி மாதிரி மலம் போனால் நோய் முற்றிக் கொண்டிருக்கிறது. சீக்கிரம் போனால் ஆசனவாய் வழியே காற்றோ தண்ணீரோ செலுத்தியே செருகலை விடுவித்து விடுவார்கள், கத்தியே வேண்டாம். ஆகவே வழிக்கிற பாட்டியைத் தேடி பஸ் ஏறாதீர்கள்.

வயசானவர்கள் விஷயத்தில் எங்கள் மருந்தே எமனாகிற ஒரு இடம் உண்டு. அறுபத்தெட்டு வயது, ரிட்டயர்டு ஆசிரியர். "ரெண்டு நாளா அடிவயிறு கனமா இருக்கு. கல்லடைப்புன்னு நெருஞ்சில் கஷாயமும் வாழைத்தண்டுச் சாறும் குடிக்கறேன். சொட்டுச் சொட்டாப் போகுது" என்று வந்தார். படுக்க வைத்துப் பார்த்தால் தொப்புளுக்குக் கீழே ஒரு தேங்காயைக் கவிழ்த்து வைத்த மாதிரி மூத்திரப்பை முட்டிக் கொண்டு நிற்கிறது. புராஸ்டேட் சுரப்பி வீங்கி வாசலை அடைத்திருந்தது. சொட்டுச் சொட்டாக வந்தது, நிரம்பி வழிந்த தண்ணீர். நெருஞ்சிலும் வாழைத்தண்டும் நீரைப் பெருக்குகிறவை. மதகு திறந்திருந்தால் ஆற்றில் தண்ணீர் விடலாம். மதகு அடைத்திருக்கும்போது ஏரியில் இன்னும் தண்ணீர் விட்டால்? பெரியாஸ்பத்திரியில் டியூப் போட்டு ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். அந்த நிமிஷமே முகம் மலர்ந்து விட்டதாம். இந்தத் தொந்தரவு உள்ளவர்கள் ஜலதோஷ மாத்திரையைக்கூட டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. அடைப்பை அது கூட்டிவிடும்.

நிஜமான கல்லடைப்பு வலி வேறு மாதிரி. விலாவுக்குக் கீழே முதுகில் பிடித்து, சரிவாக இறங்கித் தொடை இடுக்கு வரை வெட்டும். படுத்தாலும் நடந்தாலும் நிலைகொள்ளாது. 5 மில்லிமீட்டருக்கும் சின்னக் கல் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். பிறகு கல் திரும்ப வராமலிருக்க நாங்கள் உதவுகிறோம், நீங்களும் தண்ணீர் குடியுங்கள். ஆனால் கல்லோடு காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, சிறுநீரே போகாவிட்டாலோ, ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவராக இருந்தாலோ கஷாயத்துக்கு அங்கே வேலையில்லை.

தொடை இடுக்கில் குடலிறக்கப் புடைப்பு உள்ளவர்கள், அது உள்ளே போகாமல் கெட்டிப்பட்டு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாக மலச்சிக்கலும் மலத்தில் ரத்தமும் இளைப்பும் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். குடலைப் பரிசோதிக்க வேண்டும். வயிறு உப்பி, வாந்தி வந்து, மலமும் போகாமல் காற்றும் பிரியாமல் இருந்தால் அது குடல் அடைப்பு. எங்கள் கணக்கில் அபானவாயு தடைப்பட்டது. அதற்குப் பேதி மருந்து கொடுப்பது, கதவைப் பூட்டிவிட்டு உள்ளேயிருந்து ஆளைத் தள்ளுவது மாதிரி. சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பெரிய நோயிலும் வலி சின்னதாகவே தெரியலாம். "ரொம்ப வலிக்கலை சார்" என்பதை நான் அவர்களிடம் நம்புவதில்லை.

"அப்படீன்னா எல்லா வலிக்கும் டாக்டர்கிட்ட ஓடணுமா? வீட்டு வைத்தியமே வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து வயிறு உப்பினால் ஓமமும் சீரகமும் கொதிக்க வைத்துக் குடியுங்கள்; ஏப்பம் விட்டதும் சரியாகிவிடும். வழக்கமாக வருகிற மாதவிலக்கு வலிக்கு ஒத்தடம் கொடுங்கள். இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான, முகம் தெரிந்த வலி. முகம் தெரியாத வலிக்குத்தான் நான் தடை போடுகிறேன். ஸக்கரி கோப் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1921இல் வயிற்று வலிக்கென்றே ஒரு நூல் எழுதினார். நன்றாக இருந்த ஆளுக்குத் திடீரென்று வருகிற கடுமையான வயிற்று வலி ஆறு மணி நேரம் நீடித்தால், பெரும்பாலும் அது அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய வலி என்பது அவர் சொன்ன கணக்கு. நூறு வருஷம் கழித்தும் நல்ல கணக்குதான். ஆனால் ஆறு மணி நேரம் காத்திருக்கலாம் என்று இதைப் புரிந்து கொள்ளாதீர்கள். மயக்கம், ரத்தப்போக்கு, நிற்காத வாந்தி, கல் போன்ற வயிறு, காய்ச்சல், சிறுநீர் நின்று போவது, கர்ப்பம், விரையில் வலி, இதில் ஒன்று இருந்தாலும் முதல் மணி நேரத்திலேயே கிளம்புங்கள்.

கிளம்புகிறவரை பேதி மருந்து, எனிமா, வயிற்றில் சூடான ஒத்தடம், தேய்ப்பு எதுவும் வேண்டாம். சாப்பிடவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு தேவைப்படும். நாக்கு வறண்டால் தண்ணீரில் நனைத்துக் கொடுக்கலாம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறவர் என்றால் ஆஸ்பத்திரியில் முதல் பேச்சே அதுவாக இருக்கட்டும். வலி மாத்திரையைப் பற்றி ஒரு பழைய பயம் உண்டு, கொடுத்தால் நோய் மறைந்துவிடும் என்று. இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு முன்பே வலிக்கு ஊசி போடுகிறார்கள். அதனால் நோயைக் கண்டுபிடிப்பது கெடுவதில்லை. வீட்டில் மாத்திரை மேல் மாத்திரையாகப் போட்டுக் கொண்டு இரண்டு நாள் தள்ளுவதுதான் தப்பு.

டாக்டரிடம் போனதும் வலி எப்போது, எங்கே ஆரம்பித்தது, எங்கே நகர்ந்தது, கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பெண்கள் கடைசி மாதவிலக்குத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற பழக்கம் வைத்துக் கொண்டால் அந்த நேரத்தில் விரல் விட்டு எண்ண வேண்டாம். "நாட்டு மருந்து சாப்பிட்டோம்னு சொன்னா திட்டுவாங்க" என்று பலர் மறைத்து விடுகிறார்கள். திட்டினால் திட்டட்டும். என்ன சூரணம், எவ்வளவு, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்று சொல்லிவிடுங்கள். பேர் ஞாபகம் இல்லையென்றால் பாட்டிலையே பையில் போட்டு எடுத்துப் போங்கள். என்னிடம் வாங்கினதாக இருந்தால் சீட்டில் என் போன் நம்பர் இருக்கும், எந்த நேரமானாலும் அந்த டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.